டிரினிடாட்டில் வேலை: சம்பளம் உள்ளூர் டாலரில் என்றால் ஊருக்குப் பணம் அனுப்ப முடியுமா?

கேள்வி: சொஹார் டெக்னீஷியன்

அனைவருக்கும் வணக்கம். ஓமானில் சொஹார் துறைமுகத்தை ஒட்டிய உர ஆலை ஒன்றில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாகப் பணிபுரிகிறேன். கரீபியன் தீவு நாடான டிரினிடாட் அண்ட் டொபாகோவில், பாயின்ட் லிசாஸ் தொழிற்பேட்டையிலுள்ள ஆலைகளுக்குப் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்த நிறுவனம் ஒன்று எனக்கு மூன்று ஆண்டு வேலை தர முன்வந்திருக்கிறது. சம்பளம் மாதம் 28,000 டிரினிடாட் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு 6.78 உள்ளூர் டாலர் என்ற விகிதத்தில் கணக்கிட்டால் ஏறத்தாழ 4,100 அமெரிக்க டாலர் வருகிறது. இப்போது வாங்குவதைவிட இது நல்ல தொகை.

ஆனால் முன்பு அங்கே ஷட்டவுன் வேலைக்கு (ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்புக்கு) போய்வந்த சக ஊழியர் ஒருவர், "அங்கே காசு சம்பாதிக்கலாம், ஆனால் டாலர் கைக்கு வராது" என்கிறார். எண்ணெயும் எரிவாயுவும் அமோனியாவும் ஏற்றுமதி செய்யும் ஒரு நாட்டில் டாலருக்கு எப்படித் தட்டுப்பாடு வரும் என்பது எனக்குப் புரியவில்லை. விருத்தாசலத்தில் வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. தங்கையின் கல்லூரிக் கட்டணமும் என் பொறுப்பு. மாதம் 1,500 அமெரிக்க டாலராவது தவறாமல் அனுப்பியாக வேண்டும். மனைவியையும் நான்கு வயது மகளையும் உடன் அழைத்துச் செல்வதாக எண்ணம். அங்கே வசிப்பவர்கள், வசித்தவர்கள் உண்மை நிலையைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: சகுவானாஸ் கணக்கர்

உங்கள் நண்பர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. நான் சகுவானாஸில் ஒரு இறக்குமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சப்ளையருக்குக் கட்ட வேண்டிய டாலர் எப்போது கிடைக்கும் என்று வங்கியிடம் கேட்பதும், இன்னும் சில வாரம் பொறுங்கள் என்று சப்ளையருக்கு எழுதுவதுமாகவே என் வேலைநாளில் பெரும்பகுதி போகிறது.

நீங்கள் பார்த்த 6.78 என்ற விகிதம் ஏறக்குறைய 2017 முதல் அசையாமல் நிற்கிறது. பலகையில் விலை எழுதியிருக்கிறது, கடையில் சரக்கு இல்லை என்பதுதான் நிலைமை. அந்த விலைக்கு டாலர் வேண்டுமென்று கேட்பவர்கள் ஆயிரம் பேர் என்றால் வங்கியிடம் இருப்பது அவர்களில் சிலருக்கு மட்டுமே போதும். ஆகவே விலையை உயர்த்தாமல் வரிசையை நீட்டுகிறார்கள்.

எரிவாயு விற்கும் நாட்டில் இது எப்படி நேரும் என்று கேட்டீர்கள். இந்த நாட்டின் ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு எரிசக்தித் துறையிலிருந்து வருகிறது, ஆனால் அந்த டாலர் மக்கள் கைக்கு நேராக வருவதில்லை. எரிவாயு நிறுவனங்கள் அரசுக்கு வரி கட்டும்போதும், உள்ளூர்ச் செலவுக்காக டாலரை மாற்றும்போதும் மட்டுமே அது உள்ளே நுழைகிறது. வரியாக வந்த டாலரில் ஒரு பகுதியை மத்திய வங்கி அவ்வப்போது வணிக வங்கிகளுக்கு விற்கும்; அவை தங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பங்கிடும். உற்பத்தி குறைந்தால், அல்லது உலகச் சந்தையில் விலை விழுந்தால், இரண்டு வழியும் ஒரே நேரத்தில் சுருங்கிவிடும். 2014 இறுதியில் 1,100 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் இருந்த நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு இப்போது ஏறத்தாழ அதில் பாதி. இது தவிர எரிசக்தி வருவாயில் ஒரு பகுதியைச் சேமித்துவைக்க 2007-இல் தொடங்கிய பாரம்பரிய, நிலைப்படுத்தல் நிதி ஒன்று தனியாக இருக்கிறது. நாடு ஓட்டாண்டியாகிவிடாமல் காப்பாற்றுவது அதுதான், ஆனால் வங்கிக் கவுன்டரில் நிற்பவருக்கு அதனால் உடனடிப் பயன் இல்லை.

தேவை மட்டும் குறையவே இல்லை. உண்ணும் கோதுமை, பருப்பு, உருளைக்கிழங்கு, ஓட்டும் ஜப்பானியப் பழைய கார், மருந்து, வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையின் கட்டணம் எல்லாவற்றுக்கும் டாலர் வேண்டும். மியாமியில் ஒரு முகவரி வைத்துக்கொண்டு அமெரிக்கக் கடைகளில் இணையத்தில் வாங்கி, 'ஸ்கைபாக்ஸ்' கூரியர் வழியாக வரவழைக்கும் பழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. 2016-இல் அதன்மேல் 7 சதவீத வரி போட்டார்கள், பழக்கம் நிற்கவில்லை. பிறகு வங்கிகளே கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கான வரம்பைப் படிப்படியாக வெட்டின.

தனிநபராக நீங்கள் வங்கிக்குப் போனால் நடப்பது இதுதான். பயணத்துக்கு என்றால் விமானச் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் காட்ட வேண்டும். சில நூறு டாலர் கிடைக்கலாம். கம்பித் தந்தி மாற்றம், அதாவது வயர், என்றால் காரணத்துக்கான காகிதம் கேட்பார்கள். பிறகு "கிடைத்ததும் அழைக்கிறோம்" என்பார்கள். மாதாமாதம் 1,500 டாலர் தவறாமல் அனுப்ப ஒரு சாதாரண சேமிப்புக் கணக்கை நம்ப வேண்டாம்.

சம்பளக் கணக்கையும் சரிபாருங்கள். ஆண்டுக்கு 3,36,000 உள்ளூர் டாலர். அதில் 90,000 வரை வரி இல்லை. மீதி 2,46,000-க்கு 25 சதவீதம், அதாவது 61,500. மாதத்துக்கு 5,125 வரியாகவே போய்விடும், தேசியக் காப்புறுதிப் பிடித்தம் தனி. ஓமானில் வருமான வரி இல்லாமல் பழகியவருக்கு முதல் சம்பளச் சீட்டு அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

வெளியே டாலர் வாங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். எட்டு உள்ளூர் டாலரை ஒட்டிக் கேட்பார்கள். அப்படி வாங்கினால் அனுப்பும் தொகையில் சுமார் 15 சதவீதம் அங்கேயே கரைந்துவிடும். அதோடு அனுமதி பெறாதவரிடம் அந்நியச் செலாவணி வாங்குவதே சட்டப்படி குற்றம். பணி அனுமதியில் வந்திருக்கும் ஒருவர் அந்தப் பக்கமே போகாமலிருப்பது நல்லது.

பதில் 2: லிசாஸ் முன்னாள்

பணம் அனுப்புவதைப் பற்றி மேலே விரிவாகச் சொல்லிவிட்டார். வேலையே மூன்று ஆண்டு நிற்குமா என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நான் பாயின்ட் லிசாஸில் ஒரு மெத்தனால் ஆலையில் இருந்தேன், இப்போது லூசியானாவில் இருக்கிறேன்.

அந்தத் தொழிற்பேட்டை முழுவதும் எரிவாயுவை நம்பி எழுந்தது. 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியபோது கையில் வந்த பணத்தை வைத்து, எரிக்கப்பட்டு வீணாகிக்கொண்டிருந்த வாயுவைக் கொண்டு அமோனியாவும் மெத்தனாலும் இரும்பும் தயாரிக்கலாம் என்று அப்போதைய பிரதமர் எரிக் வில்லியம்ஸின் அரசு திட்டமிட்டது. திட்டம் பலித்தது, இவ்வளவு சிறிய தீவு உலகின் முன்னணி அமோனியா, மெத்தனால் ஏற்றுமதியாளர்களில் ஒன்றாக ஆனது. 1999-இல் பாயின்ட் ஃபோர்ட்டினிலிருந்து திரவ இயற்கை எரிவாயுவும் கப்பலேறத் தொடங்கியது.

வாயு உற்பத்தி உச்சத்தைத் தொட்டது 2010-இல்: நாளொன்றுக்கு 430 கோடி கன அடி. இப்போது 250 கோடியை ஒட்டி நிற்கிறது. அந்த உச்சத்தை நம்பிக் கட்டிய ஆலைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, வாயுதான் இல்லை. பாயின்ட் ஃபோர்ட்டினில் வாயுவைத் திரவமாக்கும் நான்கு அலகுகளில் முதலாவது 2020 முதல் ஓடவில்லை. 2016-இல் ஆர்செலர் மிட்டல் இரும்பாலை மூடப்பட்டது. 2018-இல் அரசு நிறுவனமான பெட்ரோட்ரின், பாயின்ட் ஏ பியேர் சுத்திகரிப்பு ஆலையை மூடியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். எண்ணெய் எடுக்கும் நாடு அன்றிலிருந்து பெட்ரோலை வெளியிலிருந்து டாலர் கொடுத்து வாங்குகிறது. 2025 அக்டோபரில் நியூட்ரியன் என்ற உர நிறுவனம் தன் பாயின்ட் லிசாஸ் நைட்ரஜன் ஆலைகளை நிறுத்தியது. துறைமுகப் பயன்பாடு குறித்து அரசு நிறுவனத்தோடு எழுந்த தகராறையும், நம்பகமான வாயு கிடைக்காததையும் காரணமாகச் சொன்னார்கள்.

நீங்கள் சேரப்போவது ஒப்பந்த நிறுவனம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆலையின் நிரந்தர ஊழியருக்குச் சங்கம் உண்டு, இழப்பீடு உண்டு. ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு, ஆலை நின்ற மறுநாள் கேட் பாஸ் வேலை செய்யாது. என் கண்ணெதிரே நடந்தது அது. காலை ஆறரை மணிக்கு ஸ்கேனரில் அட்டையை வைத்துச் சிவப்பு விளக்கு வந்த பிறகுதான் பலருக்குச் செய்தியே தெரிந்தது.

புதிய வாயு வராது என்று சொல்ல மாட்டேன். ஷெல் நிறுவனம் 2024-இல் மானட்டீ வாயு வயலுக்கு முதலீட்டு முடிவு எடுத்தது. 2027-இல் வாயு வரும் என்பது திட்டம். வெனிசுவேலாக் கடலில் இருக்கும் டிராகன் வயலை நம்பித்தான் பத்து ஆண்டாகப் பேச்சு நடக்கிறது. வெனிசுவேலா மீது தடை விதித்திருந்த அமெரிக்கா அதற்கு 2023 ஜனவரியில் உரிமம் கொடுத்தது, 2025 ஏப்ரலில் பறித்தது, அதே ஆண்டு அக்டோபரில் மீண்டும் அனுமதித்தது. உங்கள் மாதச் சம்பளத்தின் பின்னால் இத்தனை தலைநகரங்களின் முடிவுகள் நிற்கின்றன. ஆகவே நேர்காணலில் ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: அவர்கள் பராமரிக்கும் ஆலைகள் எவை, அந்த ஆலைகளுக்கும் தேசிய எரிவாயு நிறுவனத்துக்கும் இடையிலான வாயு ஒப்பந்தம் எந்த ஆண்டு வரை இருக்கிறது? பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே பதில்.

பதில் 3: செயின்ட் அகஸ்டின் இல்லத்தரசி

தம்பி, குடும்பத்தோடு வருவதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் வீட்டுப் பக்கத்தைச் சொல்கிறேன். என் கணவர் இங்கே பல்கலைக்கழகத்தில் பணியாற்றுகிறார்.

ஊர் பிடிக்கும். மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்திய வம்சாவளியினர். தீபாவளிக்குத் தேசிய விடுமுறை. 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழியினர் அவர்கள். பெரும்பாலோர் வட இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்றாலும் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களும் உண்டு, இந்தத் தீவின் தெற்குப் பகுதியில் மாரியம்மனைக் கும்பிடும் கோயில்கள் இருக்கின்றன. அவர்களில் யாரும் தமிழ் பேசுவதில்லை, வீட்டுக்குள் மட்டுமே தமிழ் என்று உங்கள் மகள் வளர்வாள்.

செலவு விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். கூவா, சகுவானாஸ் பக்கம் இரண்டு மூன்று அறை உள்ள வீடு மாதம் 4,000 முதல் 6,000 உள்ளூர் டாலருக்குள் கிடைக்கும். தலைநகரின் மேற்குப் பகுதியில், காவலாளி உள்ள வளாகங்களில், வாடகையை அமெரிக்க டாலரில் கேட்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். மளிகைக் கடையில் அலமாரி காலியாக இருக்காது, ஆனால் ஒரே பொருள் இரண்டு மாதம் தொடர்ந்து ஒரே விலையில் இருக்காது. போன முறை வாங்கிய குழந்தைப் பால்மாவு இந்த முறை இருக்காது, வேறொரு நாட்டு முத்திரையோடு வேறொன்று இருக்கும். எந்த இறக்குமதியாளருக்கு அந்த மாதம் டாலர் கிடைத்தது என்பதைக் கடை அலமாரியைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று என் கணவர் சொல்வார். அரிசி கயானாவிலிருந்து வருவது நன்றாக இருக்கும். காய்கறிக்கு விடியற்காலையில் டெபே அல்லது மக்கோயா மொத்தச் சந்தைக்குப் போங்கள். காராமணிக்காயை இங்கே 'போடி' என்று கட்டுக்கட்டாக விற்பார்கள், கத்திரிக்காய், பூசணி, கீரை எல்லாம் உள்ளூரில் விளைவது, விலையும் நியாயம்.

தெருவில் 'டபுள்ஸ்' சாப்பிடாமல் ஒரு நாள் விடியாது இங்கே. மஞ்சள் சேர்த்த மாவில் பொரித்த இரண்டு மெல்லிய 'பாரா', நடுவே கொண்டைக்கடலை, மேலே வெள்ளரித் துருவல், புளிச் சட்னி, மிளகாய்ச் சாறு. பட்டர் தாளில் வைத்து ஒரு முறுக்கு முறுக்கித் தருவார். கூலிக்காரரும் வங்கி மேலாளரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சாப்பிடுவார்கள். மாவு வெளிநாட்டுக் கோதுமை, கடலை கப்பலில் வருவது, எண்ணெயும் அப்படியே. விற்பவர் விலையை ஒரு டாலர் ஏற்றினால் அன்று வானொலியில் அதுதான் பேச்சு. குறைந்தபட்சக் கூலி 2024 முதல் மணிக்கு 20.50 உள்ளூர் டாலர் என்பதை வைத்துப் பார்த்தால், ஒரு டாலர் ஏற்றம் ஏன் பேசப்படுகிறது என்று உங்களுக்குப் புரியும்.

தண்ணீர்: வீடு பார்க்கும்போது மாடியையும் சமையலறையையும் பார்ப்பதற்கு முன் பின்புறம் உள்ள கறுப்புத் தொட்டி எத்தனை கேலன், பம்பு ஓடுகிறதா என்று பாருங்கள். குழாயில் தண்ணீர் வாரத்தில் சில நாள் மட்டும் வரும் பகுதிகள் நிறைய.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விடக்கூடாது. 2024-இல் கொலைகள் 600-ஐத் தாண்டின. மக்கள்தொகை 14 லட்சம்தான் என்பதை நினைவில் வையுங்கள். அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று அவசரநிலை அறிவித்தார்கள், 2025 ஜூலையில் மீண்டும் அறிவித்தார்கள். 2025-இல் கொலை எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது உண்மை. பெரும்பாலான கொலைகள் கும்பல்களுக்குள் நடப்பவை என்றாலும், கடைக்காரர்களிடம் மாமூல் கேட்பதும் வீடு புகுந்து கொள்ளையடிப்பதும் சாதாரணக் குடும்பங்களையும் தொட்டிருக்கிறது. இருட்டிய பிறகு வெளியே தங்காமல், ஜன்னலுக்குக் கம்பி போட்ட வீட்டில், அக்கம்பக்கத்தாரோடு பழகி வாழ்ந்தால் வாழலாம். நாங்கள் அப்படித்தான் இருக்கிறோம். ஆனால் மாலையில் மகளை அழைத்துக்கொண்டு காலாற நடக்கும் சொஹார் வாழ்க்கை இங்கே கிடையாது.

பதில் 4: கிங்ஸ்டன் வாசி

நான் ஜமைக்காவில் இருக்கிறேன். இந்தத் தட்டுப்பாடு டிரினிடாட் அரசுகள் தாங்களாகவே இழுத்துவிட்டுக்கொண்டது என்பது என் கருத்து. இங்கே 1991-இல் செலாவணிக் கட்டுப்பாடுகளை நீக்கினார்கள். கிங்ஸ்டனில் எந்தத் தெருவிலும் 'காம்பியோ' என்னும் பணம் மாற்றும் கடை இருக்கிறது. உள்ளே போய்ப் பணத்தைக் கொடுத்தால் டாலர் கிடைக்கும், யாரும் காத்திருக்கச் சொல்வதில்லை. விலை மட்டும் அமெரிக்க டாலருக்கு 160 ஜமைக்கா டாலரை ஒட்டியிருக்கிறது. டிரினிடாட்டிலும் விகிதத்தைச் சந்தையிடம் விட்டால் வரிசை ஒரே மாதத்தில் காணாமல் போகும். நெகிழ்வு வேண்டுமென்று பன்னாட்டு நாணய நிதியமும் (ஐ.எம்.எஃப்.) ஆண்டுதோறும் சொல்லி வருகிறது. 2015 முதல் 2025 வரை நிதியமைச்சராக இருந்த கோம் இம்பர்ட் மறுத்துக்கொண்டே இருந்தார். மலிவு விலையில் டாலர் கொடுத்தால் முதலில் அள்ளிக்கொள்பவர்கள் வங்கியோடு நெருக்கமாக இருக்கும் பெரிய வணிகர்கள்தான். ஏழைக்காக விகிதத்தைப் பிடித்துவைத்திருக்கிறோம் என்பது எடுபடாத வாதம்.

பதில் 5: சகுவானாஸ் கணக்கர்

கிங்ஸ்டன் நண்பர் சொல்வதில் கடைசிப் பகுதியை முழுமையாக ஏற்கிறேன். யாருக்கு எவ்வளவு டாலர் போகிறது என்பது வெளியே தெரிவதில்லை என்ற கோபம் இங்கே நெடுநாளாக இருக்கிறது. 2025 ஏப்ரல் தேர்தலில் கம்லா பெர்சாத்-பிசேசர் ஆட்சிக்கு வந்ததற்கும் அந்தக் கோபம் ஓரளவு காரணம். இரண்டே மாதத்தில் மத்திய வங்கி ஆளுநரும் மாற்றப்பட்டார். ஆளுநர் மாறியதால் என் மேசையில் உள்ள சப்ளையர் பாக்கிப் பட்டியல் சுருங்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் ஜமைக்காவை அப்படியே இங்கே பொருத்த முடியாது. அங்கே டாலர் லட்சக்கணக்கான கைகள் வழியாக வருகிறது: வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பணம், கடற்கரை விடுதி, சுற்றுலா வண்டி ஓட்டுநர். அவர்களில் ஒவ்வொருவரும் காம்பியோவில் போய் விற்கிறார். இங்கே டாலர் வருவது விரல்விட்டு எண்ணக்கூடிய எரிசக்தி நிறுவனங்களும் அரசும் என்ற குறுகிய வாசல் வழியாக. விலையை அவிழ்த்துவிட்டால் விற்க முன்வரும் புதிய கை எங்கிருந்து வரும்? விகிதம் எட்டு ஆனாலும் பத்து ஆனாலும் கடலுக்கடியில் உள்ள வாயு கூடப்போவதில்லை. இறக்குமதி ஓரளவு குறையும், அது உண்மை. ஆனால் அது குறைவது முதலில் குறைந்த சம்பளக்காரர் வீட்டுச் சமையலறையில்.

இங்கே வயதானவர்களிடம் மதிப்பிறக்கம் என்று சொல்லிப் பாருங்கள். 1976-இல் 2.40 என்று இருந்த விகிதம் 1985-இல் 3.60 ஆனது, 1988-இல் 4.25 ஆனது, 1993-இல் விகிதத்தைச் சந்தையிடம் விட்டு மிதக்கவிட்டதும் ஐந்தரையைத் தாண்டியது. நடுவே 1989-இல் அரசு ஊழியர் சம்பளத்தில் பத்து சதவீதம் வெட்டு விழுந்தது. அந்த ஆண்டுகளில் நியூயார்க்குக்கும் டொராண்டோவுக்கும் போனவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். எந்தக் கட்சி அமைச்சரும் அந்தச் சொல்லை உச்சரிக்கத் தயங்குவதற்கு அதுதான் காரணம். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியிருந்தால் நல்லது என்பதே என் சொந்தக் கருத்து, ஆனால் அதற்கான நல்ல காலம் கையிருப்பு நிறைந்திருந்த 2014. அதை விட்டாயிற்று.

சொஹார் டெக்னீஷியன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. அக்கா எழுதியதை மனைவிக்கும் படித்துக் காட்டினேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள். 2025 ஜூலையில் பிரதமர் மோடி அங்கே வந்தபோது, கரீபியனில் யு.பி.ஐ. முறையை ஏற்கும் முதல் நாடு டிரினிடாட் என்று அறிவித்தார்களே, அதன் வழியாக ஊருக்கு அனுப்பிவிட முடியாதா? இரண்டாவது, நிறுவனத்திடம் பேசினேன். சம்பளத்தை டாலரிலேயே தர இயலாது, ஆனால் "ஒரு பகுதியை ஏற்பாடு செய்து தர முயல்கிறோம்" என்கிறார்கள். இதை நம்பலாமா?

பதில் 6: சகுவானாஸ் கணக்கர்

யு.பி.ஐ. என்பது குழாய். குழாய் பதித்ததால் தொட்டியில் தண்ணீர் வந்துவிடாது. நீங்கள் செலுத்துவது உள்ளூர் டாலர், ஊரில் சேர வேண்டியது ரூபாய். இடையில் யாரோ ஒருவர் தன் அமெரிக்க டாலரை விட்டுக்கொடுத்தாக வேண்டும். தட்டுப்பாடு அந்த இடத்தில்தான் இருக்கிறது. எந்தச் செயலியைக் காட்டினாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

"முயல்கிறோம்" என்ற சொல்லை ஒப்பந்தத்தில் ஏற்காதீர்கள். பாயின்ட் லிசாஸில் சில ஒப்பந்த நிறுவனங்களுக்கு ஆலைக்காரர்கள் கட்டணத்தில் ஒரு பகுதியை அமெரிக்க டாலரிலேயே கொடுக்கிறார்கள். உங்கள் நிறுவனம் அப்படிப்பட்டதா என்று நேரடியாகக் கேளுங்கள். ஆம் என்றால், 1,500 அமெரிக்க டாலரை ஒவ்வொரு மாதமும் குறிப்பிட்ட தேதிக்குள் இந்தியாவிலுள்ள உங்கள் என்.ஆர்.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியர்) வங்கிக் கணக்குக்கு நிறுவனமே நேரடியாக அனுப்ப வேண்டும், மீதியை உள்ளூர் டாலரில் இங்கே தர வேண்டும் என்று தொகையையும் தேதியையும் எழுதி வாங்குங்கள். அனுப்பத் தவறினால் உள்ளூர் டாலரில் கொடுத்துச் சமன் செய்துவிட்டதாகச் சொல்ல இடம் வைக்காதீர்கள். அனுப்பிய தொகைக்கும் இங்கே வரி உண்டு என்பதால், ஆண்டு முடிவில் தரும் வரிச் சான்றிதழில் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தில் சிக்கல் வரும்.

அவர்களுக்கு வருவதும் உள்ளூர் டாலர் மட்டுமே என்றால், அவர்களும் என்னைப் போலவே வங்கி வரிசையில் நிற்பவர்கள். அப்போது 28,000 என்பதை 35,000 ஆக்கினாலும் விருத்தாசலத்து வீட்டுக்கடனுக்கு உதவாது.

பதில் 7: லிசாஸ் முன்னாள்

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பணி அனுமதி நிறுவனத்தின் பெயரில்தான் வரும், வேலை போனால் அதுவும் போகும். ஆகவே ஆலை நிறுத்தப்பட்டால் மூன்று மாதச் சம்பளமும் குடும்பத்தில் மூன்று பேருக்குமான திரும்பும் விமானச் சீட்டும் நிறுவனத்தின் செலவு என்று எழுதச் சொல்லுங்கள். டிரினிடாட்டிலிருந்து இந்தியாவுக்கு நேரடி விமானம் இல்லை, லண்டன், நியூயார்க் போன்ற ஊர்கள் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். அந்தச் சீட்டை உங்கள் கார்டில் எடுக்க அதன் வரம்பு போதாது. முதல் ஆறு மாதம் தனியாகப் போய் இருந்து, வயர் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்த பிறகு குடும்பத்தை அழைத்துக்கொள்ளுங்கள். சொஹாரில் நீண்ட விடுப்பு கேட்டுப் பார்க்க முடியுமானால், ராஜினாமாவை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.